பத்து இடம் வேண்டாம், மூன்று போதும்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்புகளில் ஒரு பேச்சு கிளம்பும். "இந்த வருஷம் டூர் எங்கே சார்?" பெரும்பாலான ஊர்களில் அதற்கு விடை ஒன்றுதான்: சென்னை. தை, மாசி மாதங்களில் மெரினா கடற்கரைச் சாலை ஓரமாக நடந்து பாருங்கள். வரிசையாக நிற்கும் சுற்றுலாப் பேருந்துகளில் அரியலூர், தேனி, செங்கம், விளாத்திகுளம் என்று பல ஊர்ப் பள்ளிகளின் பெயர்கள் தொங்கும். பிள்ளைகள் இறங்குவார்கள், கடலை நோக்கி ஓடுவார்கள், கால் நனைவதற்குள் விசில் கேட்கும், திரும்பி ஓடி வந்து ஏறுவார்கள். பேருந்து அடுத்த இடத்துக்குப் புறப்பட்டுவிடும்.

இதற்குப் பட்டணம் பார்ப்பது என்று பெயர் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. மாணவ நண்பர்களே, உங்களில் பலர் இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ முதன்முறையாகச் சென்னைக்குப் போகப் போகிறவர்கள். போகும் முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். ஒப்புக்கொள்ள முடியாவிட்டால் சண்டைக்கு வரலாம். ஆனால் கணக்கோடு வர வேண்டும்.

முதலில் அந்தக் கணக்கையே போட்டுவிடுவோம்.

பள்ளிச் சுற்றுலாவுக்கு அச்சடித்துத் தரும் பட்டியல்களில் ஒரு நாளைக்குப் பத்து இடங்கள் இருப்பது சாதாரணம். பேருந்தில் 50 பேர், ஒரே கதவு. ஒருவர் இறங்க 5 விநாடி என்றால் 50 பேர் இறங்க 250 விநாடி, அதாவது நான்கு நிமிடத்துக்கும் மேல். பிறகு வரிசையில் நிற்க வேண்டும். தலை எண்ண வேண்டும். செருப்பு அறுந்தவனுக்கு ஊக்கு தேட வேண்டும். ஏறும்போது இதே கதை. அதோடு கடைசியாக வரும் இரண்டு பேருக்காக மற்ற 48 பேரும் காத்திருக்க வேண்டும். ஆக, ஏறி இறங்க மட்டும் ஓர் இடத்துக்கு 25 நிமிடம் என்று வைப்போம். அடுத்த இடத்துக்குப் போய்ச் சேரச் சென்னைச் சாலைகளில் இன்னொரு 25 நிமிடம்.

காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை 14 மணி நேரம், 840 நிமிடம். சாப்பாட்டுக்கு 120 நிமிடம் போனால் 720. பத்து இடம் என்றால் ஏறி இறங்க 250, சாலையில் 250. மிஞ்சுவது 220 நிமிடம். இடத்துக்கு 22 நிமிடம்! மூன்று இடம் என்றாலோ, 75-ம் 75-ம் 150 போக 570 நிமிடம் மிஞ்சுகிறது. இடத்துக்கு 190 நிமிடம். இடங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்தால், ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் நேரம் ஏறக்குறைய ஒன்பது மடங்கு ஆகிறது. பத்து இடப் பட்டியலில் நீங்கள் அதிக நேரம் பார்க்கும் காட்சி எது என்றால், முன் இருக்கையில் இருப்பவரின் பின்மண்டைதான்.

"பணம் கட்டியிருக்கிறோம், நிறையப் பார்க்க வேண்டாமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சுற்றுலாவுக்குக் கட்டும் தொகை பல வீடுகளில் பல நாள் கூலி. அண்ணனுக்கு ஒரு வருஷம், தங்கைக்கு அடுத்த வருஷம் என்று முறை வைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. ஆகவேதான் சொல்கிறேன்: அந்தப் பணத்துக்கு 22 நிமிட வீதம் பத்துத் துண்டுகளை வாங்கி வராதீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துப் படிப்புக்கோ வேலைக்கோ இதே பட்டணத்துக்குத் தனியாக வந்து இறங்கப்போகிறவர்கள் உங்களில் எத்தனையோ பேர். பேருந்துச் சன்னல் வழியாக மட்டும் பார்த்த ஊர் அன்றைக்கு உங்களை மிரட்டும். நடந்து, கேட்டு, சாப்பிட்டு, வழி தேடிப் பழகிய ஊர் அப்படி மிரட்டாது.

சரி, எந்த மூன்று இடம்? இங்கேதான் என் யோசனை வழக்கமான பட்டியலிலிருந்து விலகுகிறது. இடங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள், ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். கேள்விக்கு விடை தேடிப் போகும் வழியில் இடங்கள் தாமே வந்து சேரும். இரண்டு நாளுக்கு இரண்டு மாதிரி சொல்கிறேன். இவற்றையே பின்பற்ற வேண்டும் என்பதில்லை.

முதல் நாளுக்கு மெரினா. கேள்வி மிக எளிது: இவ்வளவு மணல் எங்கிருந்து வந்தது?

விடியற்காலையில் போங்கள். கிழக்குக் கடற்கரை ஆதலால் சூரியன் கடலிலிருந்து எழும், வெயிலும் இராது. சாலை ஓரத்திலிருந்து அலை வரை நேராக நடந்து அடிகளை எண்ணுங்கள். உங்கள் ஓர் அடி எத்தனை சென்டிமீட்டர் என்று பள்ளி மைதானத்திலேயே அளந்து வைத்திருந்தால் கடற்கரையின் அகலம் கிடைத்துவிடும். சில நூறு மீட்டர் வரும். 150 ஆண்டுகளுக்கு முன் கடல் இவ்வளவு தொலைவில் இருக்கவில்லை. 1870-களில் வடக்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். இந்தக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. குறுக்கே சுவர் வந்ததும் மணல் அங்கே தங்கிவிட்டது. சுவருக்குத் தெற்கே கடற்கரை அகன்றது. ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் 1884-ல் அதன் ஓரமாக உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார்.

கதை அதோடு முடிந்தால் மகிழ்ச்சிதான். சுவருக்கு வடக்கே என்ன ஆயிற்று? அங்கே வழக்கமாக வந்து சேர வேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரிக்கப்பட்டது. இன்று அங்கே போனால் மணலுக்குப் பதில் குவித்த பாறைகளைப் பார்க்கலாம். தெற்கே உல்லாசமாக உலாவ மணல், வடக்கே மீனவர் வீட்டு வாசலில் கடல். இரண்டுக்கும் காரணம் ஒரே சுவர். பாடப்புத்தகத்தில் "கடல் அரிப்பு" என்று ஒரு வரியில் படித்ததை இங்கே காலால் மிதித்துப் பார்க்கிறீர்கள். (கால் நனைக்கலாம், இறங்கிக் குளிக்காதீர்கள். கரையிலிருந்து உள்ளே இழுத்துப் போகும் நீரோட்டம் மெரினாவில் வலுவானது. நீச்சல் தெரிந்தவர்களையும் அது விட்டுவைத்ததில்லை.)

கடற்கரைச் சாலையிலேயே, சாலைக்கு மேற்குப் பக்கம், முன்புறம் வளைவாக ஒரு கட்டடம் இருக்கிறது. விவேகானந்தர் 1897-ல் சில நாட்கள் தங்கியிருந்ததால் இன்று விவேகானந்தர் இல்லம். அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அந்த வட்டாரத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பேருந்தில் போகிறவர்கள் "அதோ விவேகானந்தர் இல்லம்" என்று கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் உங்களை அங்கே நிற்கச் சொல்வேன்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம் அது. 1842-ல், ஃபிரடெரிக் டூடர் என்ற அமெரிக்க வணிகரின் பனிக்கட்டிகளை வைப்பதற்காக எழுந்த கிடங்கு இது. பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள ஏரிகள் மழைக்காலத்தில் அல்ல, குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும். அந்தப் பனிப்பாளத்தை வாளால் அறுத்துக் கட்டிகளாக்கி, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து இந்தியா வந்தது. 1833-ல் கல்கத்தாவுக்கு முதன்முதலாக அனுப்பிய 180 டன்னில் சுமார் 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது!

எப்படி? அறிவியல் மாணவருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றிவிடலாம். இரண்டாவது, கட்டியின் அளவு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 6 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு. கட்டிகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி ஒரு மீட்டர் கனசதுரமாக்கினால் அதே ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.06 தான். வெப்பம் நுழையும் வாசல் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மூன்றாவது, மரத்தூள். அதன் துகள்களுக்கிடையே சிறைப்பட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஊரிலிருந்து புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம். ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளில் ஒன்றைத் தட்டில் வையுங்கள். மற்றதை ஒரு சட்டி நிறைய உமிக்குள் புதையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை பாருங்கள். அதைச் செய்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தக் கட்டடம் வேறு மாதிரித் தெரியும். உள்நாட்டிலேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யக் கற்றதும் டூடரின் வணிகம் படுத்துவிட்டது.

ஐஸ் ஹவுஸிலிருந்து திருவல்லிக்கேணி நடக்கும் தூரம். பேருந்தில் ஏறவே வேண்டாம். 25 நிமிடம் லாபம். பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய தெருக்களில் பாரதியார் கடைசி நாட்களில் வாழ்ந்த இடம் நினைவில்லமாக இருக்கிறது. கணித மேதை இராமானுஜன் 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன் குடியிருந்ததும் இந்த வட்டாரத்தில்தான். இங்கே காலைச் சிற்றுண்டி சாப்பிடுங்கள். திருவல்லிக்கேணி சாம்பார் இட்லிக்குப் பெயர் போனது. இட்லி தட்டில் இருக்காது, சாம்பாரில் மூழ்கிக் கிடக்கும்.

சாப்பாட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். பல பள்ளிகளில் "வெளியில் எதையும் வாங்கித் தின்னக் கூடாது" என்று கண்டிப்பாக உத்தரவு போட்டு, விடியற்காலையில் கட்டிய பொட்டலத்தையே மதியம் பேருந்தில் கொடுக்கிறார்கள். ஆசிரியர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஐம்பது பிள்ளைகளில் ஒருவருக்கு வயிற்றைக் கலக்கினாலும் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று யோசிக்காமல் ஒட்டுமொத்தமாகத் தடை போடுவது அறிவியல் முறை அல்ல.

வசதியான சூட்டில் சில வகைப் பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். காலை 6 மணிக்குக் கட்டிய சோற்றை மதியம் 1 மணிக்குப் பிரித்தால் இடையே 21 இருபது நிமிடங்கள். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று 21 முறை இரட்டித்துப் பாருங்கள்; ஒன்று 20 லட்சத்தைத் தாண்டும். சோற்றில் வரும் ஒரு வகைப் பாக்டீரியாவின் விதைத்துகள் கொதியிலும் சாகாது. சோறு மெல்ல ஆறும்போது முளைக்கும். ஆகவே பொட்டலச் சோறு என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது. நம் பாட்டிமார்கள் வழிப்பயணத்துக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்ததில் காரணம் இருக்கிறது. புளியின் அமிலமும், தண்ணீர் சுண்டிய காய்ச்சலும், எண்ணெயும் பாக்டீரியாவைப் பெருக விடுவதில்லை. தயிர்சோற்றுக்குப் பாலை நிறைய ஊற்றித் தயிரை ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசைவார்கள். போகும் வழியில் தயிரின் நல்ல பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து, மற்றவை தலையெடுக்காமல் பார்த்துக்கொள்ளும்.

அதேபோல் கண்ணெதிரே ஆவி பறக்க எடுத்த இட்லி நூறு டிகிரிச் சூட்டைப் பார்த்துவிட்டு வந்தது. கொதிக்கும் சாம்பாரும் அப்படியே. எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த பஜ்ஜியும் பரவாயில்லை. ஆபத்து எங்கே என்றால், பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்துக் காலையிலிருந்து வெளியே இருக்கும் சட்னியில், நறுக்கி ஈ மொய்க்க வைத்த பழத்தில், எந்தத் தண்ணீரில் செய்ததென்று தெரியாத ஐஸில். "சூடாக இருக்கிறதா, கண்ணெதிரே ஆனதா?" என்ற இரண்டு கேள்விகளைக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஒரு வேளையாவது பிள்ளைகளைப் பட்டணத்துச் சாப்பாட்டை ருசி பார்க்க விட வேண்டும் என்பது என் கருத்து. பார்ப்பதற்குக் கண் மட்டுமா இருக்கிறது?

நண்பகல் வெயிலுக்கு எழும்பூர் அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. இந்தியாவில் கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு அடுத்துப் பழைமையானது. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், வெள்ளிக்கிழமையில் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பேருந்துகள் உண்டு. இங்கே எல்லாக் கூடங்களையும் சுற்றாதீர்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, குழுவுக்கு ஒரு கூடம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி அரைமணியில் ஒவ்வொரு குழுவும் தன் கூடத்துக்கு மற்றவர்களை அழைத்துப் போய்ச் சொல்லட்டும்.

ஒரு குழு கற்கருவிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். 1863-ல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கினார். அது மனிதக் கை செதுக்கிய கருவி. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதற்கு அதுவே முதல் சான்று. பின்னாளில் அவர் சேர்த்த பழம்பொருள்கள் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தன. அதே 1863-ல் அவர் கண்டறிந்த இன்னோர் இடம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம். அங்கே கிடைத்த கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு பழைமையானவை என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மனிதர்கள் எங்கே போனார்கள், அவர்களுக்கும் நமக்கும் என்ன உறவு என்பதெல்லாம் இன்னும் தீராத கேள்விகள்.

மாலையில் திரும்பவும் கடற்கரைக்கு வந்து, கடல் காற்றில் உட்கார்ந்து மாங்காய்த் துண்டு போட்ட பட்டாணிச் சுண்டல் தின்னலாம். பகலில் கடலைவிடத் தரை விரைவாகச் சூடேறும். தரைமேல் காற்று லேசாகி எழும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். ஏழாம் வகுப்புப் பாடம்தான். சட்டை படபடக்க அதைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரண்டாம் நாளுக்குப் பேருந்தை நிறுத்திவிடுங்கள். மின்சார ரயிலில் போகலாம். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் போகும் பாதையில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. மலைக்கோட்டையையோ மாஞ்சோலையையோ விட்டு நகராத பிள்ளைகளுக்கு அந்தப் பயணமே ஒரு பாடம். பயணச்சீட்டைத் தாங்களே வாங்கட்டும். இந்தப் பாதைக்கு என் கேள்வி: கருவிகள் அவ்வளவாக இல்லாத காலத்தில் மனிதர்கள் எப்படி அளந்தார்கள்?

நுங்கம்பாக்கம் வரும்போது நினைவு வைத்துக்கொள்ளுங்கள். 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த வான ஆய்வுக்கூடம் இங்கேதான் இருந்தது. அதன் கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டிய தூண், இன்றைக்கும் வானிலை மையத்து வளாகத்தில் நிற்கிறது. நினைத்தபோது நுழைய முடியாது; பள்ளியிலிருந்து முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்க வேண்டும். அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்த கோல்டிங்காம் 1820, 1821 ஆண்டுகளில் ஒலியின் வேகத்தை அளந்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி சுடுவார்கள். தீப்பொறி கண்ணில் பட்டதிலிருந்து சத்தம் காதில் விழும் வரை எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டார். பரங்கிமலை அங்கிருந்து ஏறக்குறைய 9 கிலோமீட்டர். சத்தம் வந்து சேர 26 விநாடி போல ஆகும். 9,000-ஐ 26-ஆல் வகுத்துப் பாருங்கள், விடை உங்கள் புத்தகத்தில் இருப்பதுதான். காற்றின் வெப்பநிலையும் ஈரமும் மாறும்போது வேகம் மாறுவதையும் அவர் மாதவாரியாகக் குறித்து வைத்தார்.

சைதாப்பேட்டையில் இறங்கி வடகறி சாப்பிடலாம். மீந்துபோன வடையை வீணாக்காமல் குழம்பில் உதிர்த்துப் போட்டதில் பிறந்த பண்டம் என்பார்கள். அடுத்தது கிண்டி. நகரத்துக்கு நடுவே 2.7 சதுர கிலோமீட்டர் காடு. 1978-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. அதை ஒட்டிய சிறுவர் பூங்கா செவ்வாய்க்கிழமை கிடையாது. அதன் பக்கத்தில் பாம்புப் பண்ணை. நேரம் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

பரங்கிமலையை விடக் கூடாது. படியேற அரைமணி கூட ஆகாது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்த மலை அருகிலிருந்து தெற்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றை எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலில் சங்கிலி நீளும் அல்லவா? அதற்கும் வெப்பமானி வைத்துத் திருத்தம் செய்தார். அந்த ஒரு கோட்டின் நீளம் தெரிந்த பிறகு, முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கண்டுபிடிக்கலாம் என்ற உங்கள் வகுப்புக் கணக்கை வைத்தே, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைச் சொன்னதும் இந்த அளவைதான். மேலே நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தெரியும். அதற்குச் சற்றுத் தெற்கே, ஃபூட் கல்லைப் பொறுக்கிய பல்லாவரம்.

மாலையில் அதே ரயிலில் கடற்கரை நிலையத்துக்கே திரும்பினால் எதிரே பர்மா பஜார். 1960-களில் பர்மாவிலிருந்து சொத்தை எல்லாம் விட்டுத் திரும்பிய தமிழர்கள் தங்களோடு கொண்டு வந்த அத்தோ என்ற நூடுல்ஸ் வகை அந்தப் பக்கத்துத் தெருக்களில் சூடாகக் கிடைக்கும்.

இனி, எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இல்லாத, ஆனால் முதல் வரியாக எழுத வேண்டிய விஷயம்: கழிவறை. நாள் முழுவதும் எங்கே போவது என்று தெரியாததால் மாணவிகள் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். வெயிலில் அது மயக்கத்தில் முடியும். தண்ணீரும் குடிக்காமல் சிறுநீரையும் அடக்கிவைத்தால் சிறுநீர்ப் பாதையில் நோய்க்கிருமிகள் தங்கிப் பெருக இடமாகும். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே, "இங்கே சுத்தமான கழிவறை உண்டா, பூட்டியிருக்குமா?" என்று ஆள் வைத்தாவது விசாரித்து எழுதாத திட்டம் திட்டமே அல்ல. இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஆசிரியர்களும் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைக் குழாய்த் தண்ணீர் பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளிலிருந்து மட்டும் வருவதில்லை. 2004-லிருந்து கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரி 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் வழியே வருகிறது. மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் கடல்நீரை உப்பு நீக்கிக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன. இவ்வளவு இருந்தும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடங்கள் தெருவில் வரிசை நின்றன. தட்டில் விழும் காய்கறியும் அப்படியே. கோயம்பேடு சந்தைக்கு வெங்காயம் மகாராஷ்டிரத்திலிருந்தும், தக்காளி ஆந்திரத்திலிருந்தும், கேரட் உதகையிலிருந்தும் இரவோடு இரவாக லாரியில் வருகிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து மாணவர் ஒருவர் சென்னை ஓட்டலில் தண்ணீர் குடித்தால், அது அவர் ஊர்த் தண்ணீராகவே இருக்கலாம். பட்டணத்தைப் பார்த்து வாய் பிளக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. எங்கள் தண்ணீரை என்ன செய்கிறீர்கள் என்று கேட்கலாம்.

குடும்பத்தோடு போகிறவர்கள் இன்னொன்று கவனிக்க வேண்டும். கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் இறுதியில் புதிய பேருந்து நிலையம் திறந்த பிறகு, தென் மாவட்டப் பேருந்துகள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. நகரின் நடுவுக்கு அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் விடியற்காலை மெரினா கனவுதான். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். சென்னையின் பெருமழை அப்போதுதான்.

திட்டத்தை யார் போடுவது? நீங்கள்தான். புறப்பாட்டுக்கு ஒரு மாதம் முன்பே வகுப்பில் குழு அமைத்து, வரைபடத்தை விரித்து, கேள்வியை முடிவு செய்து, நேரக் கணக்கையும் செலவுக் கணக்கையும் எழுதித் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வாய்ச் சொல்லாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். 22 நிமிடக் கணக்கைத் தாளில் கண்டால் அப்படித் தட்டிக்கழிப்பது கடினம். அனுமதிக் கடிதங்கள் பள்ளி முத்திரையோடு போக வேண்டியவை. அவற்றையும் நீங்களே எழுதி, கையெழுத்துக்கு மட்டும் வையுங்கள். திரும்பி வந்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். எந்த வாசல் பூட்டியிருந்தது, எங்கே ஒரு மணி நேரம் வீணாயிற்று, எந்தக் கடை இட்லி கல்லாக இருந்தது என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி, கீழ் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த தை மாதம் அவர்களுக்குத் தேவைப்படும்.